செல்வி வாங்கிய கறுப்பு மண்

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு ஓசூரில் பேரிகை பஸ் கிளம்பியது. பெண்களுக்குக் கட்டணமில்லை, பாகலூர் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டரும் இலவசம். அப்படியும் ஜன்னலோரத்தில் செல்வி வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கம்பெனியில் என் லைனில்தான் வேலை. அப்பா ஊர் நிலத்தை விற்றுக் கொடுத்த பணத்தில் பேரிகை தாண்டி அரை ஏக்கர் வாங்கியிருந்தாள். முதலில் போட்ட போர்வெல்லில் புகைவாடை அடிக்கும் தண்ணீர் வந்தது. இன்று மறுமூலையில் இரண்டாவது போர். இதுவும் போனால் கையில் ஒன்றுமில்லை.

"சுத்திச் செம்மண்ணுக்கா, இது ஒண்ணுதான் கரிசலா இருந்துச்சு. அப்பா கையில அள்ளி, நம்ம மண்ணுதாம்மான்னு அழுதுட்டாரு" என்றாள், நூறாவது தடவையாக.

நான் தஞ்சாவூர்க்காரி. கரிசலைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே நிலம் பார்க்கப் போன அன்று பெரிய மேதாவி போலத் தலையாட்டியவள்.

எட்டரைக்குப் பேரிகை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். போர் வண்டி இரைந்துகொண்டிருந்தது. பக்கத்து ராகிக் காட்டு முனிரத்தினம் எங்களைப் பார்த்து வந்தார்.

"எங்க போட்டாலும் அதே தண்ணிதாம்மா வரும். இது மண்ணே இல்ல, கரித்தூளு. உலகச் சண்டையப்போ காட்டு மரத்தையெல்லாம் இங்க கொண்டாந்து, இரும்புத் தொட்டில மூடி வேவிச்சாங்களாம். அந்தப் பொகைய வடிச்சு எடுத்த தண்ணி வெடிமருந்து செய்யப் போச்சாம். மிஞ்சின தாரு பூரா இங்கியே குழி வெட்டி ஊத்திட்டாங்க. எங்க ஆளுங்க யாரும் இதுல ஏர் ஓட்டமாட்டாங்க."

"வாங்கும்போதே சொல்லியிருக்கலாமேண்ணே?" என்றேன்.

"உங்கப்பாரு அழுததப் பாத்தேன்" என்றார், செல்வியைப் பார்த்து. "அப்புறம் வாய் வரலம்மா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பதினொன்றரைக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. செல்வி இரு கையிலும் ஏந்தி முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நீர் தெளித்து அணைத்த அடுப்பின் வாடை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன்.

"தண்ணி வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சுப்பா. நெறைய."

"பின்ன, நம்ம மண்ணுல்லா! அடுத்த வாரம் பருத்தி வெதை கொண்டாரேன்."

"வாங்கப்பா" என்றாள்.

ஒரு மணி பஸ்ஸில் திரும்பினோம். பாகலூர் தாண்டியதும் செல்வி கையை விரித்துக் காட்டினாள். நகக்கண்களில் கறுப்பு அப்பியிருந்தது.

"எங்க ஊரு மண்ணும் இப்படித்தான்க்கா. நனைஞ்சா லேசுல போகாது."