பூக்கட்டிப் பார்த்த நாள்

என் மார்பில் ஆறிப்போயிருந்த புற்றுநோய் மறுபடி எட்டிப் பார்த்தது. மதுரைக்குப் போய் மருந்து ஏற்றியே தீர வேண்டும் என்றான் மகன். போன தடவை பட்டதே போதும், அம்மாவை விட்டுவிடு என்றாள் மகள். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஆத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் மருந்து, சிவப்பு வந்தால் வேண்டாம்.

இலையில் பூவை மடித்து இரண்டு பொட்டலம் கட்டியது நான்தான். சாமி முன்னால் குலுக்கிப் போட்டதும் மகன் ஒன்றை எடுத்துப் பிரித்தான். செவ்வரளி. அவன் முகம் கறுத்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மற்றதையும் பிரித்தான். அதிலும் செவ்வரளி.

"ஏம்மா, சாமிகிட்டயே களவாணித்தனமா?"

"நீங்க சாமிகிட்ட கேட்டீக. என்கிட்ட யாருடா கேட்டீக?"

மகள் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள்.

"செத்துப் போயிருவியேம்மா" என்றான் மகன்.

"தெரியும்டா. அதுவரைக்கும் சோறு வெஞ்சனம் ருசிக்கணும்ல? போன தடவை மருந்து ஏத்துனப்ப கறிக்கொழம்பே மண்ணாத்தான இருந்துச்சு."

அவன் பிரித்த பூக்களைச் சாமி காலடியில் வைத்தான். பிறகு, "வலிக்கு மருந்தாவது திம்பியா?" என்று கேட்டான்.

"அதக் குடு. கசக்காததாப் பாத்து வாங்கு" என்றேன்.