முட்டிக்கு மேலே போகாத பந்து

எங்களோடு ஆடும்போது எதிர் டீம் கோல்கீப்பர்கள் படுத்துக்கொள்வார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் ஆள் ஒருவன் பந்தோடு கோலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததும், அவன் உதைப்பதற்கு முன்பே, கீப்பர் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவான். தலையணை ஒன்றுதான் குறை. வேறு டீமோடு ஆடும்போது இப்படிப் படுத்தால் அவனுடைய கேப்டனே அவனை வெளியே அனுப்பிவிடுவான். எங்களோடு ஆடும்போது அதுதான் புத்திசாலித்தனம். ஏனென்றால் எங்கள் டீமில் ஒருவருக்கும் பந்தைத் தூக்கி அடிக்க வராது. மாவட்ட லீகில் ஆடிய எல்லாருக்கும் இது தெரியும்.

இதையெல்லாம் நான் மறுமுனையில் நின்று பார்த்தேன். எங்கள் டீமின் கோல்கீப்பர் நான். கீப்பருக்கு மைதானம் முழுக்கத் தெரியும். எவன் சும்மா நிற்கிறான், எவனுக்கு மூச்சு வாங்குகிறது, எந்தப் பக்கம் ஆளில்லாமல் கிடக்கிறது என்று எல்லாம் தெரியும். செய்வதற்கு மட்டும் ஒன்றும் இருக்காது. நின்ற இடத்தில் நின்று வயிறு எரியலாம். நான் பல வருஷம் அதைத்தான் செய்தேன்.

எங்களுக்கு இந்த வியாதி வந்த இடம், திண்டுக்கல்லில் நாகல் நகரைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு புறம்போக்கு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நாங்கள் அங்கேதான் ஆடினோம். இரண்டு முனையிலும் சவுக்குக் கம்பு நட்டிருந்தோம். ஒரு முனைக்குப் பின்னால் சீமைக்கருவேல முள்காடு. பந்து அதற்குள் போனால் பஞ்சராகித்தான் திரும்பி வரும். இன்னொரு முனைக்குப் பின்னால் கனகாம்பரத் தோட்டம். அந்தத் தோட்டக்கார அக்காவுக்குப் பூவை விட எங்களைக் கண்டால்தான் அக்கறை அதிகம். பந்து செடிமேல் விழுந்தால் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, "சாயங்காலம் ஒங்க ஆத்தாக்கள வரச் சொல்லுங்கடா" என்பார். எந்த அம்மா வருவார்?

அதனால் ஒரு சட்டம் போட்டோம். கீப்பரின் முட்டிக்கு மேலே போனால் கோல் கிடையாது. அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். யாராவது கொஞ்சம் வேகமாகக் காலை ஓங்கினால் போதும், "தரையில, ஏலே தரையில" என்று சுற்றியிருக்கும் அத்தனை பேரும் கத்துவோம். பந்தைக் காப்பாற்றக் கத்தி, கத்திக் கத்தியே வளர்ந்தோம். மீசை முளைத்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. அதே ஆட்கள் டீமாகப் பதிவு செய்து லீகுக்குள் வந்தபோது, அந்தச் சட்டமும் எங்களோடு வந்துவிட்டது.

பந்தைக் கொடுத்து வாங்குவதில் எங்களை அடிக்க ஆளில்லை. தரையோடு தரையாக, காலுக்குக் கால், புல்லை ஒட்டிக்கொண்டே பந்து போகும். முதல் தடவை பார்க்க வந்தவர்கள், "என்னப்பா, இம்புட்டு அழகா ஆடுறானுங்க" என்று வாயைப் பிளப்பார்கள். இடைவேளைக்குள் அவர்களுக்கும் விஷயம் புரிந்துவிடும். எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

கடைசி சீசனில் எங்கள் கணக்கில் ஒரே ஒரு கோல்தான் இருந்தது. அதுவும் நாங்கள் போட்டதில்லை. எதிர் டீம் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பதற்றத்தில் தன் கோலுக்குள்ளேயே அடித்துக்கொண்டான். எங்கள் கேப்டன் ஆட்டம் முடிந்ததும் அவனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். "இந்த வருசம் நம்ம டீமுக்கு கோல் போட்ட ஒரே ஆளு இவந்தான். வஞ்சகமில்லாம கவனிங்கப்பா" என்றான் எங்களிடம்.

கேப்டன் பேகம்பூரில் தோல் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரே வகுப்பில் படித்த நாளிலிருந்து நான் அவனை பாய் என்றுதான் கூப்பிடுவேன், அவன் என்னை மாப்ள என்பான். அந்த சீசனின் பாதியிலேயே அவன் எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டான்.

"இந்தத் தடவ கீழ் டிவிசனுக்குப் போனா டீமக் கலச்சிருவோம். அங்க வேல நாள்ல மேட்ச் வைப்பானுங்க. பழனிப் பக்கம், நெய்க்காரப்பட்டின்னு அலையணும். யாருக்கு லீவு குடுப்பான்? இழுத்துக்கிட்டுக் கெடக்க வேணாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். மற்றவர்களுக்கு வேறு வழி உண்டு. நாற்பதை நெருங்கும் கோல்கீப்பரை எந்த டீம் சேர்த்துக்கொள்ளும்? வாரம் முழுக்க நான் ஒரு பெயிண்ட் கடையில் நிற்கிறேன். அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நிறம் கலந்து கொடுக்கிறேன். கொஞ்சம் வெளிறிப்போனால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கம்புக்கு நடுவில் நிற்கும்போதுதான் நான் ஒரு ஆள் என்ற நினைப்பே வரும். அது போய்விட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

எங்கள் முன்வரிசையில் ஆடியவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. எனக்குக் கல்யாணம் ஆனபோது டவுசர் போட்டிருந்தான். நான்தான் சைக்கிளில் வைத்து அந்தப் புறம்போக்குக்குக் கூட்டிவந்தேன். இப்போது ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான். எங்கள் எல்லாரையும் விட இளையவன், காலில் அப்படி ஒரு வேகம். நாலு பேரைத் தாண்டிவிட்டுக் கீப்பருக்கு எதிரே தனியாகப் போய் நிற்பான். அப்புறம் கல்யாண வீட்டில் தாம்பூலம் நீட்டுகிற மாதிரி பந்தை மெதுவாக உருட்டிக் கீப்பர் கையில் கொடுப்பான்.

அந்த வருஷம்தான் எதிர்பாராத ஒரு நல்லது நடந்தது. முள்காட்டு நிலத்துக்காரர் பிளாட் போடுவதற்காக ஜேசிபி கொண்டுவந்து அத்தனை முள்ளையும் வேரோடு வழித்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், கோல் கம்புக்குப் பின்னால் வெட்டவெளி. கேப்டன் இரண்டு கம்புக்கும் குறுக்கே முட்டி உயரத்தில் கயிறு கட்டி, அதில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டான்.

"இதுக்குக் கீழ போனா கோல் கெடையாது" என்றான். "எவனாச்சும் தரையிலன்னு வாயத் தொறந்தீங்க, மைதானத்தச் சுத்தி ஓட விட்டுருவேன்."

அன்றைக்கு அடித்தார்கள் பாருங்கள். பந்து ஆகாயத்துக்குப் போனது, ரயில் பாதைக்குப் போனது. சர்க்கரை வியாதி வந்தவன்கூட ஓடிப்போய் எடுத்து வந்தான். மச்சினன் அடித்த ஒரு பந்து என் காதை உரசிக்கொண்டு போனது. கையைத் தூக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வலியோடு காதைத் தேய்த்துக்கொண்டே சிரித்தேன். இனிப் பிழைத்துவிடுவோம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த லீக் ஆட்டத்தில் எதிரே வலை கட்டிய கோல், வெள்ளைக் கோடு, விசில். எங்கள் கால்கள் பழைய கால்களாகிவிட்டன. உருட்டினார்கள். எதிர் கீப்பர் படுத்தான், பிடித்தான், எழுந்து ஜெர்சியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான். அதற்கடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். புறம்போக்கில் முள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்ய?

கடைசி ஆட்டம் ஒரு கல்லூரிப் பையன்கள் டீமோடு. அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான், சிரித்துக்கொண்டே ஆடினார்கள். எங்களுக்கு ஜெயித்தே ஆக வேண்டும். டிரா ஆனாலும் கீழே போய்விடுவோம். அன்றைக்கு நான் என் வாழ்நாளிலேயே நன்றாக ஆடினேன். இதைச் சொல்ல வேறு யாரும் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டதில் நகம் பெயர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகிற நேரம். ரெஃப்ரி கையிலிருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது கேப்டன் நடுவிலிருந்து ஒரு பந்தைக் கொடுத்தான். இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, மச்சினனின் காலுக்கு முன்னால் போய் விழுந்தது. அவனும் கீப்பரும் மட்டும்தான். கீப்பர் வழக்கம்போலப் படுத்துவிட்டான். அவனுக்கு மேலே வலை முழுசாகத் திறந்து கிடந்தது. மச்சினன் காலைப் பின்னால் ஓங்கினான். கயிற்றுக்கு மேலே அடித்தபோது ஓங்கிய மாதிரியே, முழுக்க ஓங்கினான். தூரத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது.

"தரையில, ஏலே தரையில."

ஒருவர் குரல் இல்லை. மைதானத்துக்குள் இருந்தும், வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களிடமிருந்தும் ஒன்றாகக் கிளம்பியது. கத்தியது தான்தான் என்று பிற்பாடு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் வாயும் அப்போது திறந்துதான் இருந்தது. மச்சினனின் கால் பாதியில் தயங்கியது. பந்து உருண்டு போய்க் கீப்பரின் நெஞ்சில் முட்டியது. அவன் படுத்தவாக்கிலேயே அதைக் கட்டிக்கொண்டான்.

அன்றைக்கே டீம் கலைந்துவிட்டது. கேப்டன் எல்லாருடைய ஜெர்சியையும் ஒரு சாக்குப்பைக்குள் போட்டுக் கட்டினான். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மச்சினன் பூட்ஸைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "விடு மாப்ள" என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். மனைவி கறி வாங்கிவரச் சொல்வாள். போய் வாங்கி வருவேன். பத்து மணிக்கெல்லாம் நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

சில மாதம் கழித்து, மச்சினன் தன் மில் டீமில் ஆடுவதாகவும் நான் வந்து பார்க்க வேண்டும் என்றும் கூப்பிட்டான். மனசில்லாமல்தான் போனேன். அவனுடைய டீமில் எல்லாரும் சின்ன வயசு, பாதிப் பேர் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். ஆட்டமும் சுமார்தான், எங்களைப் போலக் கொடுத்து வாங்கத் தெரியவில்லை. இரண்டாம் பாதியில் அவனுக்குக் கோலுக்கு நேரே ஒரு பந்து கிடைத்தது. காலை ஓங்கினான். அவன் டீம் ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பந்து மேலே எழும்பி, கீப்பரின் கைக்கு எட்டாமல், வலையின் உச்சியில் போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். "பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன் மாப்ள. நல்ல கோலு. யாரு பழக்கிவிட்டா?"

"யாரும் பழக்கல மாமா. எங்கால் முன்னாடியும் இப்பிடித்தான இருந்துச்சு. இங்க எனக்குப் பந்து வந்தா எல்லாரும் செத்த நேரம் சும்மா இருக்காங்க. அம்புட்டுத்தான்."

குற்றம் சொல்லும் குரலில் அவன் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அவனுக்காகச் சந்தோஷமாகவும் இருந்தது, அதைப் போல இரண்டு மடங்கு வலிக்கவும் செய்தது.

அன்று சாயங்காலம் கேப்டன் போன் செய்தான். விஷயம் அவன் காதுக்கு எப்படியோ போயிருந்தது.

"மாப்ள, ஒம் மச்சினன் தூக்கி அடிச்சுட்டானாமே. கேட்டதுலருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. கீழ் டிவிசன்லயே பேரு குடுப்பமா? லீவப் போட்டாச்சும் ஆடிருவோம். நம்ம பயலுக எல்லாரும் சரின்டானுங்க. ஒம் மச்சினன மட்டும் நீ கூட்டிட்டு வந்துரு."

"லைன்ல இருக்கியா?" என்று இரண்டு முறை கேட்டான். என் பழைய கிளவுஸை மனைவி பரணில் எங்கே வைத்திருப்பாள் என்றுகூட அதற்குள் யோசித்துவிட்டேன்.

"அவென் வர மாட்டேன்ட்டான் பாய்" என்றேன்.

மச்சினனிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் வந்துவிடுவான்.