வயிற்றில் சிக்கியது என்ன?

எண்பதுகளில் எனக்கு எதைத் தின்றாலும் மேல்வயிறு வலித்து வாந்தி வரும். அல்சர் மாத்திரைகளுக்கும் கேட்கவில்லை. காரிமங்கலத்தில் தொக்கம் எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். வயிற்றை நீவி, வாய் வைத்து உறிஞ்சி, உள்ளே சிக்கிய உணவை எடுத்துவிடுவார் என்பது எங்கள் நம்பிக்கை. ஒருமுறை கறித்துண்டைக் காட்டினார். மறுமுறை புளியங்கொட்டை. “இதுதாங்க சிக்கியிருந்துச்சு” என்பார். கொஞ்ச நாள் தேவலாம் போலிருக்கும். பிறகு பழைய கதைதான்.

துரும்பாய் இளைத்ததும் மனைவி என்னை வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா என் வாய்வழியே குழாயை விட்டு, மறுமுனையில் கண் வைத்துப் பார்த்தார். கடுகளவு சதையை எடுத்துச் சீசாவில் போட்டார்.

குழாய் வெளியே வந்ததும் கேட்டேன். “அதானுங்களா சிக்கியிருந்துச்சு?”

“எதுவும் சிக்கலைங்க. இது உங்க குடல்லயே கிள்ளுனது. சிறுகுடல் ஆரம்பத்துல புண்ணு இருக்கு. குடல் டிபியா இருக்கலாம், குரோன்ஸ்னு ஒரு நோயா இருக்கலாம்.”

“எதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“இன்னும் தெரியலைங்க. டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்.”

பல சோதனைகளுக்குப் பிறகு குரோன்ஸ் என்று முடிவானது. ஆனால் குழாய் விட்ட அன்று பஸ்ஸில் திரும்பும்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் வயிற்றில் என்ன கோளாறு என்று தெரியாதவரே ஊரில் இல்லை. தெரியவில்லை என்று சொன்ன ஒருவரிடம்தான் என் குடலில் ஒரு துண்டை நம்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.