நாடி கட்டிய கோமாளி

கொக்குவில் மார்க்கண்டு பிறவியிலேயே பயந்தவன் என்று அவனை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. அது முழுக்கச் சரியில்லை. பாம்புக்கும் இருட்டுக்கும் அவன் அவ்வளவாகப் பயப்பட்டதில்லை. நாலு மனிதர் கூடி நின்று தன்னையே பார்ப்பதுதான் அவனுக்கு ஆகாது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் வருவதற்குள் காது சிவந்துவிடும். கலியாண வீட்டில் கடைசிப் பந்தி, அதிலும் கடைசி இலை. ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டால், கண் பார்த்தது அப்படியே தாளில் வந்து குந்திக்கொள்ளும். புகையிலைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிற தனக்கு இப்படியொரு பிள்ளையா என்று தகப்பன் கந்தப்புவுக்கே விளங்கவில்லை.

அந்தப் பென்சில்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம் அவனை இலங்கையிலிருந்து கடல் தாண்டவும் வைத்தது. அவன் படித்த கல்லூரியில் சில மாணவரைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆசிரியர் தஞ்சாவூர்ப் பக்கம் புறப்பட்டார். அங்குள்ள பொம்மலாட்டத்தைப் பார்த்து, படம் பிடித்து, கட்டுரை எழுதி, திரும்பி வந்து கல்லூரியில் ஒரு கண்காட்சி வைப்பது திட்டம். ஆசிரியரின் கமெரா போன மறுநாளே மழையில் நனைந்து செத்துப்போனது. அதன்பிறகு எல்லாப் பாரமும் மார்க்கண்டுவின் பென்சிலின் மேல் விழுந்தது.

ஆடும் பொம்மையை வரைந்துவிட்டான். அதன் மூட்டு எப்படிப் பூட்டியது, நூல் எந்தெந்த இடத்தில் கட்டியது என்பதைப் படுக்கவைத்து அளந்தால்தான் வரையலாம். ஆட்டக் கூட்டத்தின் தலைவர் மாசிலாமணி அவன் வரைந்த கோமாளியை வாங்கிப் பார்த்தார். பிறகு ஊருக்குக் கொண்டுபோய் ஆறுதலாக அளந்து வரையச் சொல்லி அந்தக் கோமாளியையே தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டார். மூன்று வயதுப் பிள்ளை அளவு உயரம். மரத்தில் கடைந்த உடம்பு, அசைகிற தாடை, அவர்கள் வழக்கப்படி கருநீலம் பூசிய முகம். ஆட்டுகிறவர் தலையில் வைக்கும் நூல் வளையமும் கைகளை அசைக்கும் கம்பிகளும் அதோடேயே இருந்தன.

“இவந்தான் தம்பி எங்களுக்குச் சோறு. இவன் வந்து நாலு வார்த்தை பேசாம ராசாவும் வரமாட்டாரு, ராணியும் வரமாட்டாங்க. சித்திரா பௌர்ணமிக்கு ஒரு கோயில்ல ஒத்துக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள இவன் என் கைக்கு வந்திரணும். வரலேன்னா நாங்க அத்தனை பேரும் வாயைக் கட்டிக்க வேண்டியதுதான்.”

மார்க்கண்டு தலையாட்டினான். மாசிலாமணி நூல் சிக்காதபடி கோமாளியின் இரண்டு கைகளையும் பெருவிரலோடு பெருவிரல் சேர்த்துக் கட்டினார். கால்களையும் அப்படியே. வழியில் தாடை அடிபட்டு உடைந்துவிடக் கூடாது என்று நாடிக்குக் கீழே ஒரு துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். காற்றில்லாத அறையில் வைத்து நிதானமாக அவிழ்க்கவேண்டும், அவசரப்பட்டால் நூல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்று இரண்டு தரம் சொன்னார். மார்க்கண்டு தன் புது வேட்டியால் அதைத் தலையோடு காலாகச் சுற்றி எடுத்துக்கொண்டான்.

கப்பலுக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது, அந்தப் பக்கம் பேதி நோய் பரவியிருக்கிறது, இலங்கைக்குப் போகிறவர்களைத் தடுப்பு முகாமில் வைத்திருந்துதான் அனுப்புகிறார்கள் என்று. மூட்டை முடிச்செல்லாம் கொதிக்கும் ஆவியில் போட்டு எடுப்பார்களாம். கூடப்படித்தவன் ஒருவன், அவித்த கிழங்கின் தோல் மாதிரிக் கோமாளியின் முகம் உரியும் என்று பகிடி விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மார்க்கண்டு கோமாளியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வேதாரணியத்தில் ஓர் உறவினர் இருக்கிறார், பார்த்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று ஆசிரியரிடம் சொன்னான். அப்படி ஓர் உறவினர் இல்லை. கோடிக்கரையில் விசாரித்து, இலங்கைக் கரையிலுள்ள மயிலிட்டிக்குத் திரும்ப நின்ற ஒரு வள்ளத்தைப் பிடித்தான். வள்ளக்காரர் கிறகோரி, காது மடலில் சுருட்டுச் செருகிய பெரிய உடம்புக்காரர். பொதியில் என்ன என்று கேட்டதற்குப் படிப்புச் சாமான் என்றான். அவருக்கு அதற்குமேல் அக்கறை இல்லை.

கடலில் அவன் பட்டதைச் சொல்லி மாளாது. அலை ஏறும்போது கண்ணை மூடினான், இறங்கும்போது பொதியைக் கட்டிப்பிடித்தான். முகாமை ஏய்த்துவிட்டு வருகிறோம், பிடித்தால் மறியலில் அடைப்பார்கள் என்ற நினைப்பு ஒரு பக்கம் அரித்தது. ஆளரவம் இல்லாத வேளையில் கரை தட்டலாம் என்று கிறகோரி தைரியம் சொல்லியிருந்தார். நடுக்கடலில் காற்று விழுந்துவிட்டது. அவர்கள் மயிலிட்டியை நெருங்கியபோது வெயில் ஏறி, மீன் வாங்கவும் விற்கவும் ஊரே கரையில் நின்றது.

நோய்ச் செய்தி அங்கேயும் எட்டியிருந்தது. அக்கரையிலிருந்து எவர் வந்தாலும் அறிவிக்காமல் இறங்கக் கூடாது என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையார் பறையடித்துச் சொல்லியிருந்தார். கிறகோரி கடலில் நின்றபடியால் அது அவருக்குத் தெரியாது. வள்ளம் மணலில் முட்டியதும், முழங்கால் தண்ணீரில் வெள்ளைப் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய மார்க்கண்டுவை அத்தனை கண்களும் பார்த்தன. காது சிவந்தது. கால் தடக்கியது. பொதி மணலில் விழுந்து ஒரு பக்கம் விலகியது.

வெளியே தெரிந்தவை இரண்டு சின்னக் கைகள். பெருவிரல்கள் சேர்த்துக் கட்டிய கைகள்.

எங்கள் பக்கத்தில் பெருவிரல்களை யாருக்குக் கட்டுவார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தவள் கத்தியோடு எழுந்து பின்வாங்கினாள். ஒருவர் வள்ளம் தள்ளும் கம்பால் தூர நின்று வேட்டியின் மற்றத் தலைப்பைக் கிளப்பினார். நாடியைத் தூக்கிக் கட்டிய துணி. அதற்குள்ளே நீலம் பாரித்த முகம், அரைக்கண். கம்பைப் போட்டுவிட்டு அவர் ஓடினார்.

பேதியில் செத்த பிள்ளை என்று யாரோ சொன்னது நிமிடத்தில் கரை முழுக்கப் போய்விட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். பொதியைச் சுற்றிப் பெரிய வட்டமாக மணல் வெறுமையாகியது. நடுவில் மார்க்கண்டு மட்டும். கிறகோரியும் வள்ளத்திலிருந்து குதித்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

“தம்பி, பிரேதத்தையோ என்ரை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வந்தனீர்? நான் அதிலை சாய்ஞ்செல்லோ சோறு திண்டனான்.”

ஆற்றை பிள்ளை, பெத்தவர் ஆர் என்று பல குரல்கள் கேட்டன. மார்க்கண்டு உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“அக்கரையிலை ஒராள்… சித்திரைக்குள்ளை திருப்பிக் குடுக்க வேணும்.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவி அழாக்குறையாகக் கேட்டாள்.

“இனி எந்த முகத்தோடையடா திருப்பிக் குடுப்பாய்?”

இரண்டு மூன்று பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தத் தாய்க்காக ஒப்பாரி தொடங்கினார்கள். இளந்தாரிகள் காய்ந்த தென்னோலை இழுத்து வரப் போனார்கள். தாழ்த்தால் மண்ணில் நோய் நிற்கும், எரிக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மார்க்கண்டு கைகளை ஆட்டினான், தலையை ஆட்டினான். பெற்றவன் மாதிரித் துடிக்கிறான் என்று அதற்கும் ஒருத்தி அழுதாள்.

வட்டத்துக்குள் வந்தவள் யசிந்தா ஒருத்திதான். கிழிந்த வலை பொத்தி, கருவாடு விற்று, தனியாகக் குடித்தனம் நடத்துகிறவள். ஊரில் அவள் வாய்க்கு எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையென்றால் ஒரு செபமாவது சொல்லாமல் கொளுத்தக் கூடாது என்று வந்தாள். குனிந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். துடுப்பொன்றை எடுத்துப் பொதியில் ஒரு தட்டுத் தட்டினாள். டொக்கென்றது.

“பிள்ளையில்லை. பலகை.”

ஒப்பாரி நின்றது. மார்க்கண்டுவுக்கு உயிர் திரும்பி வந்தது. பொம்மை, ஆட்டப் பொம்மை, அளவெடுக்கக் கொண்டுவந்தது என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். கூட்டம் நெருங்கி வந்தது. சிரிக்கத் தொடங்கியவர்களும் உண்டு. அப்போதுதான் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நமசிவாயம் வாயைத் திறந்தார். ஊரில் அதிகம் பேசாத மனிதர், பேசினால் மற்றவர்கள் நிறுத்துவார்கள்.

“பலகைக்கு ஆர் நாடி கட்டுறது?”

சிரித்தவர்களின் வாய் அப்படியே நின்றது. பிள்ளைப்பிணம் என்றபோது இருந்தது பயம். இப்போது வந்ததற்கு வேறு பெயர். மரத்தில் ஆள் மாதிரிச் செய்து, செத்தவனுக்குக் கட்டுகிற மாதிரிக் கட்டி, முகத்தில் நீலம் பூசி, பேதிக் கோதாரி நடக்கிற இடத்திலிருந்து கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்த ஊர் மணலில் போடுகிறவன் எதற்குப் போடுவான்? சூனியம் என்ற சொல்லை ஒருவரும் உரக்கச் சொல்லவில்லை. ஆளுக்காள் பார்த்துக்கொண்டார்கள். மார்க்கண்டுவையும் பார்த்தார்கள். மெலிந்த உடம்பு, சிவந்த காது, நேராகப் பார்க்காத கண். இப்படித்தானே இருப்பான்!

நூல் சிக்காமல் இருக்கத்தான் கட்டியது என்று அவன் சொன்னான். நூலைச் சுற்றி வைத்தால் போதாதோ, பெருவிரல் எதற்கு என்று கேட்டார்கள். கட்டியது அவன் இல்லையே. ஒருவர் நெருப்புப் பெட்டியை எடுத்துவிட்டார். சம்மாட்டி கையைக் காட்டி மறித்தார்.

“கட்டோடை எரிச்சால் அந்தப் புகை ஊருக்கைதான் வரும். கொண்டு வந்தவன் தன்ரை கையாலை அவிழ்க்கட்டும். பிறகு எரியுங்கோ.”

மார்க்கண்டு முழங்காலில் இருந்தான். காற்றில்லாத அறை கேட்ட முடிச்சை, கடற்காற்று அள்ளி வீசுகிற வெளியில் அவிழ்க்கவேண்டும். அவிழ்க்காவிட்டால் விடமாட்டார்கள். அவிழ்த்தால் எரிப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கப்போவது கண்ணுக்குள் வந்தது. காலின் கட்டு அவிழ்ந்து வந்தது. கைக்கட்டு வரும்போதே காற்று நூலைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிவிட்டது. நாடித் துணியை உருவியதும் தாடை தானாக விழுந்து திறந்தது. கூட்டம் ஒரு முழம் பின்னால் போனது.

இதைக் கீழே கிடத்தியபடி விட்டால் ஓலைக்குள் போய்விடும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. மாசிலாமணி செய்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்தவன் அவன். நூல் கோத்த வளையத்தை எடுத்துத் தன் தலையில் வைத்தான். கைக்கம்பிகளைப் பிடித்தான். எழுந்தான். கோமாளியும் எழுந்தான்.

ஒருவர் குழறிக்கொண்டு மணலில் விழுந்தார். சம்மாட்டியின் உதடு முருகா முருகா என்றது. மார்க்கண்டு வணக்கம் சொல்ல வைக்கத்தான் கம்பியை அசைத்தான். சிக்கிய நூல் இடது கையைக் கீழேயே பிடித்துக்கொண்டது. வலது கை மட்டும் விலுக்கென்று மேலே போய் நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு ஆட்டியும் இறங்கவில்லை. வாய் ஆவென்று திறந்திருக்க, கோமாளி நெற்றியில் கைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உங்கை பாருங்கோ. எங்கடை விதானையார் கள்ள வள்ளம் பாக்கிற சீர்,” என்றாள் யசிந்தா.

முதலில் ஒரு பொடிச்சி சிரித்தாள். பிறகு அவளை ஏச வாயெடுத்த தாய். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. விழுந்து கிடந்தவர்கூட மணலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஓலை கொண்டுவந்த இளந்தாரிகள் அதைக் கீழே போட்டுவிட்டு, மற்றக் கையையும் தூக்கச் சொல்லிக் கேட்டார்கள். மார்க்கண்டு மட்டும் சிரிக்கவில்லை. கம்பியை விட்டால் மறுபடி நெருப்புப் பெட்டி வரும் என்று இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உண்மையான விதானையார் வந்தபோது சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு உடனே விளங்கியது. அதனால் இரண்டே வார்த்தையில் முடித்தார். பொம்மையைத் தடுப்பு முகாமுக்குக் கொடுத்தால் அவர்கள் அவித்துத் தருவார்கள். அவிக்க விருப்பமில்லையென்றால் வந்த வள்ளத்திலேயே, இந்தக் காற்றிலேயே, ஆளும் பொம்மையும் திரும்பவேண்டும். அப்படியென்றால் இங்கே எவரும் இறங்கியதைத் தான் காணவில்லை.

கொக்குவில் அங்கிருந்து அரை நாளில் நடந்துவிடுகிற தூரம்தான். தாய் உலையேற்றியிருப்பாள். மார்க்கண்டு கடலைப் பார்த்தான். கோமாளியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“திரும்பிப் போறன்,” என்றான்.

கிறகோரி போகமாட்டேன் என்று நின்றார். பலகையோ பேயோ, அதோடு இன்னொரு தரம் தனிக்கடலில் போக ஏலாது என்றார். விதானையார் வள்ளத்தின் இலக்கத்தை உரக்க வாசித்தபிறகுதான் பாயைத் தொட்டார். யசிந்தா ஒரு குடம் தண்ணீரும் வேகவைத்த பனங்கிழங்கும் வள்ளத்தில் வைத்தாள். மார்க்கண்டு பழையபடி தாடையைக் கட்டத் துணியை எடுத்தான். கரையிலிருந்து ஒரே குரலாகச் சத்தம் வந்தது. இந்த ஊர்க் கண்ணுக்கு முன்னால் அதை மறுபடி கட்டக் கூடாதாம். துணியைச் சம்மாட்டி வாங்கி மணலில் புதைத்துவிட்டார்.

கரை மறைந்ததும் வள்ளம் தூக்கிப் போடத் தொடங்கியது. ஒவ்வொரு அலைக்கும் கோமாளியின் தாடை டக்கென்று அடித்தது. கிறகோரி திரும்பிப் பாராமல், அவரைச் சும்மா இருக்கச் சொல்லும் என்றார். கட்டுவதற்குத் துணி இல்லாமலில்லை, இடுப்பில் வேட்டி இருந்தது. ஆனால் அந்த முகத்துக்கு நாடிக்கட்டுப் போட இப்போது மார்க்கண்டுவுக்கே கை வரவில்லை. உள்ளங்கையைத் தாடையின் கீழ் கொடுத்து மூடிப் பிடித்துக்கொண்டான். கை மரத்தபோது மற்றக் கையை மாற்றினான். கோடிக்கரை தெரியும்வரை அப்படித்தான் இருந்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், மாசிலாமணி கோமாளியை வெளிச்சத்தில் தூக்கிக் கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடிப் பார்த்தார், நூலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சிக்கெடுக்க ஒரு பொழுது போகும் என்றார். அவ்வளவுதான். அதுவரை திண்ணென்று நின்ற மார்க்கண்டு அப்போதுதான் மண் தரையில் குந்திவிட்டான்.

“உங்க ஊர்ல ஆடினானா நம்ம ஆளு?” என்று கேட்டார் அவர்.

“ஒருக்கா எழும்பி நிண்டவர்.”

“சனம் சிரிச்சுதா?”

“சிரிச்சவை,” என்றான் மார்க்கண்டு. தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள். தாடையைத் தாங்கி மரத்துப்போன இரண்டு கையாலும் பிடித்தும் பாதி அவன் மடியில்தான் சிந்தியது.