சோணைமுத்து மேல் வந்த சாமி

சோணைமுத்துவுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மல்லாங்கிணறைச் சுற்றி எழும்பியிருக்கிற புது வீடுகளில் பாதி வீட்டுத் தரை அவன் கை பட்டதுதான். குடிக்க மாட்டான், யாரிடமும் சத்தம் போட்டுப் பேச மாட்டான். அப்பேர்ப்பட்ட ஆளிடம் அவன் பெண்டாட்டி சுகந்திக்கு இருந்த ஒரே வருத்தம், எங்கேயும் கூட்டிக்கொண்டு போக மாட்டான் என்பதுதான். திருச்செந்தூர் போக முந்தின நாளே பையைக் கட்டி வைத்தால், விடிகாலையில் அவனுக்கு வயிற்றைக் கலக்கும். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் மண்டப வாசலோடு தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவான். சொந்தபந்தத்தில் சிலர் கஞ்சன் என்றார்கள், சிலர் தலைக்கனம் என்றார்கள். சுகந்தியே கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள்.

விஷயம் அதுவல்ல. சில வருசங்களுக்கு முன்னால் விருதுநகரிலிருந்து வந்த பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்றவனுக்கு, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வேர்த்தது, விரல் மரத்தது, மூச்சு பாதியில் நின்றது. செத்தோம் என்று பாதி வழியிலேயே இறங்கி, ஒரு பருத்திக் காட்டோரம் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தான். சாவு வரவில்லை, கொஞ்ச நேரத்தில் பசிதான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ஆனால் அது விடவில்லை. பஸ்ஸு, மண்டபம், தேர்க்கூட்டம் என்று நாலு பேர் நெருக்கி நிற்கிற இடமெல்லாம் வந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் பைக்தான், அதுவும் தனியாக.

கடைசியில் சுகந்திதான் விடாப்பிடியாக அருப்புக்கோட்டையில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர், இது பயத்தில் வருகிற நோய், நிறையப் பேருக்கு இருக்கிறது, ஆளைக் கொல்லாது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வந்தால் எழுந்து ஓடாதே, இருந்த இடத்திலேயே இரு, சூடான பாலை ஆற்றுவதுபோல மெல்ல நீளமாக ஊது, ஏறினது தானாக இறங்கும் என்றார். இது புருசன் பெண்டாட்டி இரண்டு பேரைத் தவிர மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. மீசை வைத்த ஆம்பளை கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று ஊரில் போய்ச் சொல்ல முடியுமா?

சொல்லாமல் விட்டதுதான் வினையாகப் போயிற்று.

போன வருசம் மாசி மாசத்துக் களரித் திருவிழா. திருச்சுழிக்கு அங்கிட்டு வீரசோழன் போகிற வழியில், கண்மாய்க் கரையில் அவர்களுடைய குலசாமி இருளப்பசாமி கோயில். பங்காளிகள் எல்லாரும் கூடுகிற இடம். அவன் ஓரமாகத்தான் நின்றான். கூட்டம் நெருக்க, உறுமிச் சத்தம் காதில் ஏற, சாம்பிராணிப் புகை மூக்கில் ஏற, அது வந்துவிட்டது. உடம்பு நடுங்கியது, கண் செருகியது. காற்றைத் தேடி ஒரே ஓட்டமாக ஓடினான். அவ்வளவுதான். சாமி இறங்கிருச்சு என்று பெண்கள் குலவை போட்டார்கள். தண்ணி, தண்ணி என்று திணறினான். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. காலில் ஒரு கூட்டம் விழுந்தது. பாவம், ஒரு வாய் குடிக்கத்தான் யாரும் தரவில்லை.

அன்றிலிருந்து அவன் சாமியாடி. டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். மகனுக்கு எப்போது பெண் அமையும் என்று கேட்டு ஒரு அம்மா வாசலில் வந்து உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால் சாமி பேரில் பொய் ஆடினான் என்றாகிவிடும். சொல்லாமல் இருந்தால் அடுத்த களரிக்கும் ஆட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் இடி. பெரியப்பா ஆண்டிச்சாமிதான் காலங்காலமாக அந்தக் கோயிலின் சாமியாடி. தனக்குப் பிறகு ஆள் கிடைத்த சந்தோசத்தில் அவர் புதுச் சலங்கை வேறு வாங்கி வைத்துவிட்டார்.

இந்த வருசம் களரிக்கே போகாமல் படுத்துவிடலாம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அதற்கும் வழியில்லாமல் தங்கச்சி அனுசியா வந்து நின்றாள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல், பிறந்த வீட்டுச் சாமிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை தன்ஷிகா, இப்போது மூணு வயசு. மாமியார் வீட்டில் மல்லுக்கட்டி, காதுகுத்தைக் களரியன்றே இருளப்பசாமி கோயிலில் வைக்க அனுமதி வாங்கியிருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கூடப் பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, அவள் போனதும் குளிக்கப் போகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

சீர்த்தட்டோடு போகிற தாய்மாமன் பைக்கில் போனால் நன்றாகவா இருக்கும்? வேனில்தான் ஏறினான். கதவோர சீட் கிடைத்தால் சமாளித்துவிடலாம் என்று பார்த்தான். அங்கே கருத்தம்மாள் அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவன் அப்பாவுடன் பிறந்த அத்தை. வேனில் ஏறினால் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவோரம் மட்டும்தான் உட்காரும். வாந்தி வரும் என்று சொல்லும். களரியைத் தவிர ஊர் எல்லையைத் தாண்டாது. மதுரையில் மகன் கட்டின வீட்டுப் பால்காய்ப்புக்குக்கூட, முழங்கால் வலி என்று போகவில்லை. அத்தை, கொஞ்சம் மாறி உட்காருங்க என்று கேட்டதற்கு, மாட்டவே மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டது. அவன் அத்தைக்குப் பின்னால் இருந்த சீட்டில் ஒடுங்கினான். அருப்புக்கோட்டை நெரிசலில் வேன் நின்றபோது ஊதினான். திருச்சுழி தாண்டுகிறவரைக்கும் ஊதினான். சுகந்தி அவன் கையை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆசாரி காதுகுத்துகிற கம்பியை எடுத்தார். கூட்டம் சுற்றிக் கவிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டுக்காரர்கள் உறுமியைத் தூக்க வேண்டுமா? அவனுக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. தோள் குலுங்கியது. வந்துருச்சு, வந்துருச்சு என்று யாரோ கத்த, குலவை எழுந்தது. ஆண்டிச்சாமி பெரியப்பா சலங்கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

எழுந்து ஓடலாம். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சாமி ஓடினால் வழி விடுவார்கள். காற்றும் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும். கால் தானாக எழும்பப் பார்த்தது. ஆனால் மடியில் பிள்ளை இருந்தது. அவன் கட்டை விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவன் முகத்தையே பார்த்தது. எதிரே அனுசியா கும்பிட்ட கையோடு நின்றாள். அவள் சாமியைக் கும்பிடுகிறாளா, எழுந்துவிடாதே என்று தன்னைக் கும்பிடுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பெரியப்பா சலங்கையைக் காலருகே கொண்டுவந்தபோது, அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சாமி இல்ல பெரியப்பா. எனக்குப் பயமா இருக்கு. கூட்டத்தப் பாத்தா மூச்சடைக்குது. போன வருசமும் இதுதான். டாக்டருகிட்ட மாத்திர சாப்புடுறேன். சாமி பேரச் சொல்லி ஏமாத்தணும்னு நெனைக்கல. என்னைய மன்னிச்சுருங்க.”

குலவை அப்படியே அறுந்தது. மகனுக்கு எப்போது பெண் அமையும் என்று கேட்டு வந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டது. பெரியப்பா அவனையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கிக் கொட்டை நிறுத்தினார். எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா, பிள்ளைகளுக்குக் காத்து வரட்டும் என்றார். பிள்ளைகள் என்றுதான் சொன்னார். சலங்கையைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தானே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை குடிக்க.

மடியில் இருந்த பாப்பா மெல்லச் சொன்னது.

“எனக்கும் பயமா இருக்கு மாமா.”

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. பால் சூடா இருந்தா எப்படி ஊதுவ, அப்படி ஊதுவோம் வா என்றான். மாமனும் மருமகளுமாக ஊதினார்கள். அவள் எச்சில் தெறிக்க ஊதினாள். ஆசாரி கம்பியோடு பொறுமையாகக் காத்திருந்தார். நெஞ்சுப் படபடப்பு உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று, பிறகு டாக்டரம்மா சொன்ன மாதிரியே கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது. அவன் தலையாட்டினான். ஒரு காது, இன்னொரு காது. பிள்ளை வீறிட்டது. கூடவே மாமனும் வெட்கமில்லாமல் அழுதான்.

பந்தியில் சிலர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. அனுசியாதான் இலை போடும்போது, எங்கிட்டக்கூடச் சொல்ல மாட்டியாண்ணே என்று கோபித்துக்கொண்டு, கோபத்தோடு கோபமாக இரண்டு கரண்டிக் கறியை அள்ளி வைத்தாள்.

திரும்பும்போது வேனில் எல்லாரும் கிறங்கிக் கிடந்தார்கள். கதவோரம் கருத்தம்மாள் அத்தை மட்டும் முழித்திருந்தது. திருச்சுழி தாண்டியதும் பின்னால் திரும்பி அவனைக் கூப்பிட்டது. காலை மடக்கி, நகர்ந்து, காலையில் மாட்டேன் என்ற சீட்டில் பாதியை அவனுக்கு விட்டது. அவன் வந்து உட்கார்ந்ததும் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டது.

“ஏப்பா சோணை, அந்த டாக்டரம்மா எங்க இருக்காக?”

“அருப்புக்கோட்டைலதான் அயித்த. யாருக்கு?”

அத்தை கையை விரித்துக் காட்டியது. எலுமிச்சம்பழம் நசுங்கிச் சாறு மணிக்கட்டில் வழிந்திருந்தது.

“எனக்குத்தான்ப்பா. எம் மகன் பொறக்கறதுக்கு முந்தி இருந்தே எனக்கும் இந்தப் பயம் இருக்கு. இதுக்கெல்லாம் டாக்டரு இருக்காகன்னு எனக்கு யாரு சொன்னா?”

அவன் ஈரமாக இருந்த அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். திங்கக்கிழமை பைக்கில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

“பைக்கு வேணாம்ப்பா. பஸ்ஸுலயே போவோம். நீயுந்தான் பயப்படுவேல்ல, எனக்கு அது போதும்.”

பஸ்ஸில் ஏறி எத்தனையோ காலமாகிவிட்ட சோணைமுத்து, சரி அயித்த, கதவுக்குப் பக்கத்துல ரெண்டு சீட் பாப்போம் என்றான்.