எக்ஸோஸைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்

இந்த ஊரில் மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். கெண்டைக்காலில் ஒரு தழும்பு காட்டுவார்கள். எக்ஸோஸ் பைப் சுட்ட தழும்பு. எனக்கு அது வயிற்றில் இருக்கிறது. கிளினிக்கில் டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மோட்டார் மேல விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். பைப்பைக் கட்டிப் பிடிச்சேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவியும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது.

நாங்கள் இருப்பது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில். நான், மனைவி, அவளுடைய அப்பா. மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி இரண்டும் தேய்ந்து, நாலு கால் வைத்த அலுமினிய வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பார். நாக்கு மட்டும் தேயவில்லை. ஒரு தடவை நாங்கள் இருவரும் ஏறிய லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. நான் கர்த்தரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளை, அவர் வர்றதுக்குள்ள அந்த அலாரம் பட்டனையும் கொஞ்சம் அழுத்துங்க" என்றார். அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் அதை எல்லாரிடமும் சொன்னார். போதகரிடமும்.

அப்படிப்பட்டவர் எங்களை விட்டுப் போவதாக இருந்தது. மனைவியின் அக்காவும் அவள் கணவரும் செமினியில் தரைவீடு வாங்கியிருந்தார்கள். கீழேயே அறை, வாசலில் செடிகள், லிஃப்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லோரி கொண்டு வந்து மாமனாரையும் அவருடைய பழைய மோட்டாரையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. என் மனைவி நான்கு நாட்களாகச் சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் இல்லாமலே அழுதாள்.

"அப்பாவுக்கு இங்க இருக்கத்தான் ஆசை. வாய் திறந்து சொல்ல மாட்டாரு. நீங்க ஏதாச்சும் பண்ணுங்களேன்."

"நான் என்ன பண்றது? என்னைக் கண்டாலே அவருக்குத் தமாசு."

"அதையாவது பண்ணுங்க."

எனக்கு உருப்படியாகத் தெரிந்த கைவேலை ஒன்றுதான். எக்ஸோஸ் பைப்புக்குச் சாயம் அடிப்பது. நண்பர்களுடைய மோட்டார் பைப்புகளைச் சனி ஞாயிறுகளில் தேய்த்துக் கறுப்பாக்கிக் கொடுப்பேன். மாமனாருடைய மோட்டார் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. ரெண்டு ஸ்ட்ரோக் என்ஜின், பழைய காலத்து வண்டி. ஓட்ட முடியாவிட்டாலும் சாயங்காலம் லிஃப்டில் இறங்கிப் போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். அதன் பைப் மட்டும் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. "என் முட்டியும் இதுவும் ஒரே நேரத்துல போச்சு" என்பார். அந்தப் பைப்பைப் புதுசாக்கிக் கையில் கொடுத்தால் மனிதர் கொஞ்சம் இளகுவார் என்று கணக்குப் போட்டேன். சுத்தமான லஞ்சம்.

வேலை சுலபம்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, முரட்டு மண்காகிதத்தால் தேய்க்க வேண்டும், பிறகு மெல்லிய மண்காகிதம். தின்னர் தொட்ட துணியால் துடைத்த பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் நிற்காது. சூடு தாங்கும் சாயத்தை மெலிதாக, பனி விழுகிற மாதிரி அடிக்க வேண்டும். ஆசைப்பட்டுத் தடியாக அடித்தால் முதல் சூட்டிலேயே கொப்பளிக்கும். அறுநூறு டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும். ஆனால் காய்ந்தவுடன் தாங்காது. அதை வேக வைக்க வேண்டும். இளஞ்சூடு, ஆற விடு, இன்னும் கொஞ்சம் சூடு, ஆற விடு. அப்போதுதான் சாயம் இரும்போடு ஒட்டும்.

இன்னொன்றும் உண்டு. ரெண்டு ஸ்ட்ரோக் பைப்புக்குள் எரிந்த எண்ணெயும் கரியும் அல்வா மாதிரி அப்பியிருக்கும். சாயம் அடிப்பதற்கு முன்னால் அதைத் திறந்தவெளியில் எரித்து எடுத்துவிட வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்கு விரலை ஆட்டி உபதேசம் செய்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு அவசரம். மறுநாள் லோரி வருகிறது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும், வெளியே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மனைவி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். மாமனார் கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் கழற்றிச் சாயம் அடித்துக் காயவைத்த பைப்பைக் கேஸ் அடுப்பின் மேல் வைத்து, கத்தரிக்காய் சுடுவதுபோல் திருப்பித் திருப்பி வாட்டினேன். முதலில் சாயத்திலிருந்து லேசான புகை. அது வழக்கம். புதுச் சாயம் முதல் சூட்டில் புகையத்தான் செய்யும்.

"மாப்பிள்ளை, என்ன தாளிக்கிறீங்க?"

"உங்களுக்குத்தான் மாமா. ஸ்பெஷல்."

"நாளைக்குத்தானே போறேன். இன்னைக்கே அனுப்பப் பாக்கறீங்களா?"

நான் சிரித்தேன். அப்போதுதான் உள்ளே இருந்த அல்வா சூடேறியது. பைப்பின் வாயிலிருந்து வெள்ளையும் மஞ்சளுமாகப் புகை கொட்டியது. அதுவும் கயிறுகயிறாக. மின்காற்றாடி அதைக் கூடத்துக்குத் தள்ளியது, கூடம் நடைபாதைக்குத் தள்ளியது. நடைபாதைக் கூரையில் இருந்த புகை உணரும் கருவிக்கு அது போதும். கட்டடம் முழுக்க அலாரம் அலறியது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டடத்தில் தீ இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்ற அத்தனை பேருக்கும் பயப்பட நியாயம் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, என் வேலைதான்" என்று கத்தினால் கதை முடிந்தது. அலாரம் காதில் விழுந்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் காலி. ஓடணும். ஓடுகிறவன் வெறுங்கையோடு ஓடக் கூடாது. குளியல் துண்டு இரண்டை எடுத்துப் பைப்பைச் சுற்றி மார்போடு அணைத்தேன். செருப்பு போட்டேன். வீட்டுச் செருப்பு இல்லை, வெளியே போகிற நல்ல செருப்பு. அதைத் தேடி எடுக்கப் புத்தி வேலை செய்திருக்கிறது. பிறகு படிக்கட்டு.

கீழே ஒரு கூட்டம் நின்றது. வாசல் காவலுக்கு ஜாகா வேலை பார்க்கும் நேப்பாளிப் பையன் கையை விரித்து, "நாய்க் தா போலே, பாஸ்! பொம்பா வருது!" என்று, தீயணைப்பு வண்டி வரும்வரை யாரையும் மேலே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது மாடி ஆன்டி என்னைப் பார்த்து ஓடி வந்தார்.

"ஐயோ தம்பி, குழந்தையை இப்படி மூடாதீங்கலா! மூச்சு முட்டிடும்!"

நான் மறுப்பதற்குள் துண்டை விலக்கினார். உள்ளேயிருந்து கொஞ்சம் புகை வந்தது. ஆன்டி கையை உதறினார்.

"என்னா இது? எக்ஸோஸா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "யாரு மாதிரி இருக்கு ஆன்டி, அப்பா மாதிரியா?" என்றது ஒரு குரல். எனக்கும் சிரிப்பு வந்தது. பயந்து முடித்தவனுக்கு வருகிற அசட்டுச் சிரிப்பு. அப்போது பாசார் பைகளோடு என் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"அப்பா எங்க?"

நான் பைப்பைப் பார்த்தேன், அவர் அதற்குள் இருப்பதுபோல.

"ஏங்க, அப்பா எங்கங்க?"

"மேல."

"கதவு திறந்துதானே இருக்கு?"

அவள் என் வலது கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். சுண்டு விரலில் சாவிக்கொத்து தொங்கியது. வெளியே கிளம்பினால் வாசல் கிரில்லை இழுத்துப் பூட்டு மாட்டுவது இந்த ஊர்க்காரன் உடம்பிலேயே ஊறியது. திருடனுக்குப் பயந்து பழகிய கை. நெருப்புக்கும் மரியாதை குறையாமல் அதையே செய்திருக்கிறது.

சிரிப்பு நின்றது. ஆன்டி என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றார். மனைவி பாசார் பைகளை ஜாகாவின் மேல் எறிந்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அடுப்பை அணைக்கவில்லை என்பது மூன்றாவது மாடியில் ஞாபகம் வந்தது. அதற்குமேல் தீ இல்லை என்று எனக்கும் நிச்சயமில்லை.

ஒன்பதாவது மாடியில் புகை மெலிந்திருந்தது. கிரில்லுக்கு அந்தப் பக்கம், அதை ஒட்டி நாற்காலியைப் போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஈரக் கைக்குட்டை, கையில் தேஓ கோப்பை. அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தனக்குத் தேநீரும் போட்டிருக்கிறார். கோப்பை சாஸரில் லேசாகக் கடகடத்தது.

"வாங்க மாப்பிள்ளை. பூட்டு நல்லா மாட்டியிருக்கா? இன்னொரு தடவை இழுத்துப் பாத்துடுங்க."

"மாமா, நான்..."

"போறப்ப ரெண்டு தடவை இழுத்துப் பாத்தீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பொறுப்பான மனுஷன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாமே மாமா."

"எதுக்கு? அவ்வளவு அவசரமா போறவரைக் கூப்பிட்டா சகுனம் சரியில்லன்னு சொல்வாங்க. நம்ம வேதக்காரங்க, நமக்கு அதெல்லாம் இல்லதான். இருந்தாலும்."

நான் சாவியால் துவாரத்தைச் சுற்றிச் சுற்றிக் குத்தினேன்.

"அவசரமே இல்ல மாப்பிள்ளை. இத்தனை நேரம் இருந்துட்டேன்."

"பைப்பைக் கீழ வச்சிட்டு சாவியைப் போடுங்க" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவள் என்னிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அப்போதும் அதை இடது கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. குனிந்து வைத்தேன். வைத்த இடத்துக்குப் பக்கத்தில், கிரில்லுக்கு வெளியே, நடைபாதைத் தரையில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி கிடந்தது. வாக்கர் காலில் மாட்டுகிற மூடி. கம்பிகளில் புதிதாக நாலைந்து இடத்தில் சாயம் பெயர்ந்திருந்தது. வாக்கரைத் தூக்கிக் கிரில்லில் அடித்திருக்கிறார். ஓங்கி அடித்ததில் மூடி கழன்று வெளியே விழுந்திருக்கிறது. அலாரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் மூடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். தேஓவை ஒரு வாய் குடித்தார்.

மறுநாள் லோரியோடு அக்காவும் சகலையும் வந்தார்கள். சகலை கையுறையெல்லாம் போட்டுக்கொண்டு, மோட்டாரைக் கட்டக் கயிற்றோடு வந்திருந்தார். மாமனார் அவர்களை உட்கார வைத்து, கதையை லிஃப்ட் நின்றதிலிருந்து தொடங்கிச் சொன்னார். நல்ல செருப்பைத் தேடிய கட்டத்தில் எழுந்து நடித்தே காட்டினார். ரப்பர் மூடியைப் பற்றிச் சொல்லவில்லை. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இனிமே ஒரு நிமிஷம்கூட நீங்க இங்க இருக்கக் கூடாதுப்பா. எழுந்திரிங்க."

என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அழக்கூட இல்லை. அவள் பார்வை போன திசையில் நான் இருந்தேன். அந்தச் சாய டப்பாவில் அறுநூறு டிகிரி என்று போட்டிருக்கிறதே, அதையெல்லாம் தாண்டிய சூடு.

"நான் வரல" என்றார் மாமனார்.

"என்னப்பா சொல்றீங்க? இவரு உங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டு ஓடியிருக்காரு!"

"அதான் சொல்றேன். உன் வீட்டுல தீப்பிடிச்சா உன் புருஷன் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு. நல்ல மனுஷன். அப்புறம் சாகற வரைக்கும் நான் அவருக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாது. இங்க அந்தத் தொல்லை கெடையாது. இங்க இவருதான் எனக்குப் பதில் சொல்லணும்."

சகலை கையுறையைக் கழற்றினார். லோரி வெறுமையாகச் செமினிக்குத் திரும்பியது. லஞ்சம் கொடுத்து வாங்க நினைத்ததை அவர் எனக்குத் தண்டனையாகக் கொடுத்துவிட்டார்.

பைப்பை நான் மறுபடியும் தேய்த்து அடித்துத் தருகிறேன் என்றேன். பாதி வெந்த சாயத்தில் துண்டின் நெசவு அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. ஒரு இடத்தில் நீல நூல்கூட ஒட்டியிருந்தது. "தொடாதீங்க" என்றார். அப்படியே மாட்டச் சொன்னார். சாயங்காலம் அதைத் துடைக்கும்போது யாராவது கேட்டால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். சாயம் இன்னும் உரியவில்லை. அந்த வகையில் என் வேலை நல்ல வேலை.

சாவி இப்போது அவர் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேலை முடிந்து வந்து நான் கிரில்லுக்கு வெளியே நின்று மணி அடிக்க வேண்டும். வாக்கருக்குப் புது மூடி வாங்கிக் கொடுத்தேன். மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார், மாட்ட மாட்டார். அதனால் அவர் வருவது கேட்கும். மூன்று கால் சத்தமில்லாமல் விழும், நாலாவது தரையில் டக்கென்று இடிக்கும். கூடத்தின் கோடியிலிருந்து டக். வெகு நேரம் கழித்து இன்னொரு டக்.

"யாரு?"

"நான்தான் மாமா."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருங்க" என்கிறார். பார்த்துச் சொல்லும் வரை சாவியை எடுப்பதில்லை.