தானாக விழ வேண்டிய பல்

அத்தையின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் வெளிநாட்டில் செய்தவை. நான்கும் சேர்ந்து ஒரே துண்டு. நடுவில் இரண்டு பல் போன இடத்தை, இரு பக்கமும் இருந்த சொந்தப் பற்களின் மேல் தொப்பி மாட்டி இணைத்திருக்கிறார்கள். பல் டாக்டர்கள் இதை பிரிட்ஜ் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘ஃபாரின்’.

“ஃபாரின் எப்படிக்கா இருக்கு?” என்று அப்பா அவ்வப்போது கேட்பார்.

“கல்லு மாதிரி இருக்கு” என்பாள் அத்தை.

அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமையோடு வேறொன்றும் கலந்திருக்கும். அது ஏமாற்றம் என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அந்தப் பல் விழ வேண்டும் என்றுதான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் மட்டுமே கொள்ளும் இடத்தில், பழைய துணிகளைச் சரிசெய்து தருகிறாள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைப்பது. படியில் யாராவது இறங்கினால் அவள் தலைக்கு மேல் தட்தட்டென்று சத்தம் கேட்கும். காலடியை வைத்தே யார் என்று சொல்லிவிடுவாள். “மூணாம் மாடிக்காரர் இன்னைக்கும் லேட்டு” என்று அவள் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டுதான் நான் வளர்ந்தேன்.

தைக்கிறவர்கள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். அத்தை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. சின்னக் கத்தரி ஒன்றை நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பாள். ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கடைவாய்க்குள் தள்ளுவாள். ரொட்டியைக்கூடப் பிய்த்துத்தான் வாயில் போடுவாள்.

“எதுக்கு அண்ணி இவ்வளவு கஷ்டம்? பல்லைக் கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, நிம்மதியா சாப்பிடுங்களேன்” என்று அம்மா சொல்வாள்.

“சாவி உன்கிட்ட இருக்குமே, அதான் பயமா இருக்கு” என்பாள் அத்தை.

ஆனால் தினமும் காலையில் பல் தேய்த்ததும், குளியலறைக் கண்ணாடி முன் நின்று கட்டைவிரலால் அந்த நான்கு பற்களையும் மெதுவாக அசைத்துப் பார்ப்பாள். விழுந்துவிடுமோ என்ற பயம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அவள் வெளிநாட்டில் இருந்தது ஒரு பெரிய ஓட்டலின் துணி அறையில். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை அது. கிழிந்த படுக்கை விரிப்புகளை ஒட்டுப்போடுவதும், திரைச்சீலைகளுக்கு ஓரம் அடிப்பதும் அவள் வேலை. அங்கே ஒருநாள், சரிவான பாதையில் அழுக்குத் துணி வண்டி ஒன்று பிடி நழுவி வந்து அவள் வாயில் மோதியது. இரண்டு பல் அங்கேயே போயிற்று. ஓட்டல்காரர்கள் எதிர்த் தெருவில் இருந்த பல் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் அளவு எடுத்தார். பல்லைச் செய்கிறவர் பின்கட்டில் இருந்தார். சாதாரணமாக அவர் யாருடைய வாயையும் நேரில் பார்ப்பதில்லையாம். முன்பல் என்பதால், நிறம் பார்க்க இவளை உள்ளே அழைத்திருக்கிறார்.

“விளக்கு வெளிச்சம் பொய் சொல்லும்னு சொல்லி, ஜன்னல் பக்கத்துல உட்கார வெச்சார். வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து நான் பகல் வெளிச்சத்துல அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்ல” என்று அத்தை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

முன்பு பல் எப்படி இருந்தது என்று பார்க்க, சிரித்தபடி எடுத்த போட்டோ ஒன்று கேட்டாராம். அத்தையிடம் இருந்ததெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ. அதில் வாய் தைத்துவிட்டதுபோல் இருக்கும். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் பேசு, உன் மொழியிலேயே பேசு, எனக்குப் புரியாமல் இருப்பதுதான் நல்லது, வாயை மட்டும் கவனிப்பேன்” என்றாராம்.

“என்ன பேசினீங்க?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும்.”

“எல்லாத்தையும்னா?”

“எல்லாத்தையும்தான். புரியாதவர்கிட்ட என்ன பயம்?” 

அப்படிச் செய்த பற்களில் ஒன்று மிக லேசாகத் திரும்பியிருக்கும். இன்னொன்றின் மேல் மெல்லிய கோடு ஒன்று, பக்கத்து நிஜப் பல்லில் இருப்பதைப் போலவே, வரையப்பட்டிருக்கும். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை அவரிடம் காட்டப் போனாள். ஒவ்வொரு முறையும் ஜன்னலோரம் உட்காரவைத்து, “பேசு” என்பாராம். பல்லில் கோளாறு ஏதும் இருந்ததில்லை. இருந்தாலும் சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருப்பாராம்.

“அவருக்குக் குடும்பம் இருந்துதா?”

“கேட்கல.”

“ஏன்?”

“கேட்டா பதில் சொல்லிடுவாரே.”

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பட்டறையில் அப்பாவின் இடது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. ஒரு மாத விடுப்பில் அத்தை வந்தாள். கை ஆற ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் அவள் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. பிறகு அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பள்ளி விட்டு வரும் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இரு என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அப்படியே பதினேழு வருடம் ஓடிவிட்டது.

அவள் கிளம்பும்போது அந்தப் பல் செய்பவர் ஒன்று சொல்லியிருந்தார். “இது விழுந்தால் வேறு யாரிடமும் ஒட்டக் கொடுக்காதே. என்னிடம் கொண்டு வா.”

அவ்வளவுதான். அவளிடம் இருந்த ஒரே அழைப்பு அது. பல்லோ விழுவதாக இல்லை.

போன மாதம் ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அத்தை சட்டென்று மெல்வதை நிறுத்தினாள். விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். “ஆடுது” என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று பிற்பகல் கடையை மூடிவிட்டு, பரணிலிருந்து தன் பழைய பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். “இந்தப் பல்லுக்காகவா பிளேன் ஏறுவே? நம்ம ஊர்ல டாக்டரே இல்லையா?” என்று அன்று சாயங்காலமே மருந்துக்கடை மாடியில் இருக்கும் பல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது அதிகம் இருக்கும். எக்ஸ்ரே எடுத்தாள். சின்னக் கருவி ஒன்றை வைத்துத் தட்டி, பிரிட்ஜை உடையாமல் முழுசாகக் கழற்றினாள். அதை விளக்குக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“எப்ப செஞ்சதும்மா இது?”

வாயைக் கையால் பொத்தியபடி அத்தை சொன்னாள். “இருவது வருஷத்துக்கும் மேல ஆச்சு.”

“பத்துப் பதினைஞ்சு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம்னு சொல்லுவோம். ரொம்ப அழகான வேலை.” ஓரத்தை விரலால் தடவினாள். “ஆனா கீழ்ப்பல் உரசின தடமே இல்லையே. இதால நீங்க எதையுமே கடிச்சதில்லையா?”

“கழுத்துல பாருங்க டாக்டர், கத்தரி. ஆப்பிளுக்குக்கூட ஆபரேஷன்தான்” என்றார் அப்பா.

டாக்டரம்மா சிரித்தாள். “அப்ப இவ்வளவு நாள் நின்னதுக்குப் பாதிக் காரணம் செஞ்சவர். மீதிப் பாதி நீங்கதான்மா.”

அத்தை சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு அவளை எங்கோ தொட்டுவிட்டது தெரிந்தது.

தாங்கிப் பிடிக்கும் ஒரு பல்லில் ஓரமாகச் சொத்தை இருந்தது. அதை அடைத்துவிட்டு இதையே திரும்ப ஒட்டிவிடலாம், இன்னும் பல வருடம் வரும் என்றாள் டாக்டரம்மா.

“ஒட்டிடுங்க டாக்டர்” என்றார் அப்பா.

“தற்காலிகமா ஒட்டுங்க” என்றாள் அத்தை.

“அது சில வாரம்தான்மா நிக்கும்.”

“போதும்.”

டாக்டரம்மா சொத்தையை அடைத்து, அப்படியே ஒட்டி அனுப்பினாள்.

திரும்பி வரும்போது அப்பா வேகமாக முன்னால் நடந்தார். அத்தை என்னோடு பின்தங்கினாள். “பாதி நானாம், கேட்டியா” என்றாள்.

“ஆமா. உங்களுக்கு அங்க போகணும்னா அது சீக்கிரம் விழட்டும்னு விட்டிருக்கலாமே? நூலைக் கடிச்சிருந்தா எப்பவோ விழுந்திருக்குமே?”

“கடிச்சு உடைச்சுட்டுப் போய் நின்னா அவர் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவார். வேணும்னே உடைச்சுட்டு வந்திருக்கான்னு நெனைக்க மாட்டாரா? தானா விழணும். அப்பதான் எனக்கு மரியாதை.” கழுத்தில் தொங்கிய கத்தரியைத் தொட்டுப் பார்த்தாள். “இப்படி மரியாதை பார்த்துப் பார்த்தே நான்தான் அதைப் பிடிச்சு வெச்சிருந்திருக்கேன். அந்த டாக்டர் பொண்ணு சொல்லித்தான் தெரியுது.”

மறுநாள் அத்தைக்குப் பல் கட்டிய அந்த வெளிநாட்டு மருத்துவமனையின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். பள்ளியில் நான் படித்த இரண்டாவது மொழி அங்கேயும் புரியும் என்பதால் நானே பேசினேன். கூடத்தில் அத்தை என் முன்னால் உட்கார்ந்து புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

எடுத்தது ஒரு பெண். நிதானமாகப் பதில் சொன்னாள். நான் போனை வைத்ததும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“இருக்காராம்” என்றேன்.

அத்தை மூச்சை விட்டாள்.

“ஆனா பல்லு செய்யறதில்லையாம் அத்தை. கை நடுங்குதாம். காலையில மட்டும் வந்து நிறம் பார்த்துச் சொல்லிட்டுப் போவாராம்.”

 அப்பா பேப்பரை மடித்தார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. “பாத்தியாக்கா? செய்யவே முடியாதவர்கிட்ட இதைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ணப்போறே?”

அத்தை முந்தானையை விட்டாள். “பல்லுக்காகப் போறேன்னு யார் சொன்னா?”

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை அவள் பேசியதே இல்லை. அப்பாவின் காது சிவந்துவிட்டது. அம்மா மட்டும், எப்போதோ தெரிந்த விஷயம் இது என்பதுபோல், “டீ போடறேன்” என்று உள்ளே போனாள். உள்ளே போனவள் அங்கிருந்தே சொன்னாள். “இந்த மனுஷருக்கு மட்டும்தான் அது பல்லுன்னு நெனைப்பு.”

இரண்டு நாள் கழித்து அத்தை என்னை மறுபடியும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும், “நல்லா நிக்கற மாதிரியே ஒட்டிடுங்கம்மா. இனிமே அது விழ வேண்டாம்” என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தாள்.  ஒட்டி முடித்து, அரை மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், பிறகு இதாலேயே தாராளமாகக் கடிக்கலாம் என்றாள். அத்தை தலையாட்டினாள்.

அந்த ஒரு வாரம் அப்பா அத்தையோடு சரியாகப் பேசவில்லை. பட்டறையிலிருந்து தாமதமாக வந்தார். கை மெஷினில் மாட்டியபோது அவள் விமானம் ஏறி வந்ததைப் பற்றித்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.  ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, “கிளம்புக்கா. டிக்கெட் போடற இடம் மத்தியானம் வரைக்கும்தான் திறந்திருக்கும்” என்றார்.

டிக்கெட் அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டியபடி கேட்டார். “போறது எப்ப?”

அத்தை ஒரு தேதி சொன்னாள். அடுத்த வாரம்.

“திரும்பறது?”

அத்தை மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

“ஒரு வழிக்கு மட்டும் போடுங்க” என்றார் அப்பா.

“அப்படி விட மாட்டாங்க சார். திரும்பற டிக்கெட் கையில இருக்கணும். தேதியை வேணா அப்புறம் மாத்திக்கலாம்.”

அப்பா தன் வளைந்த இடது கையை மேஜைமேல் வைத்தார். “அப்ப ஒண்ணு பண்ணுங்க. எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்க.”

மேஜைக்காரர் கம்ப்யூட்டரில் மாதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

“டேய்” என்றாள் அத்தை.  “ரொம்பவும் தள்ளிடாதேடா.”

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. “இன்னும் தள்ளுங்க” என்றார்.